கடலில் குடியிருக்க எந்தப் படகு: ஒற்றை உடலா, இரட்டை உடலா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கணவன், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நான்கைந்து ஆண்டுகள் பாய்மரப் படகிலேயே குடியிருக்க ஆசை. முடிந்தால் ஒரு பெருங்கடலையாவது கடந்துவிட வேண்டும். 40 அடிக்குப் பக்கத்தில் ஒரு படகு தேடுகிறீர்கள். இரட்டை உடல் கேட்டமரான் வாங்குவதா, ஒற்றை உடல் மோனோஹல் வாங்குவதா?

நான் முதலில் 36 அடி மோனோஹல் ஒன்றில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அப்புறம் 40 அடி கேட்டமரானில் நான்கு ஆண்டுகள். இரண்டையும் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன், இரண்டிலும் நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். அதனால் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்க வரவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டமரான் என்பது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்துப் பெருங்கடல் கடந்தவர்கள் பாலினேசியர்கள். நம்முடைய சொல் அவர்களுடைய பொருளுக்குப் பெயராகிவிட்டது. 1950களில் தானே கட்டிய சின்ன இரட்டை ஓடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த ஜேம்ஸ் வோரம் என்ற ஆங்கிலேயர், பின்னாளில் வரைந்த படகுகளில் உடலையும் சட்டத்தையும் ஆணியால் முடுக்காமல் கயிற்றால் வரிந்து கட்டச் சொன்னார். அவற்றை வேண்டுமானால் கூசாமல் 'கட்டு'மரம் என்று சொல்லலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோனோஹல் எடையால் நிற்கிறது, கேட்டமரான் அகலத்தால் நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

40 அடி மோனோஹல்லின் அடியில் கீல் என்ற பகுதி தொங்குகிறது. அதில் ஈயமோ வார்ப்பிரும்போ சுமார் 3 டன் இருக்கும். படகின் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காற்று பாயைத் தள்ளும்போது படகு சாய்கிறது. சாயச் சாய அந்த எடை பக்கவாட்டில் விலகி இன்னும் வலுவாகத் திருப்பி இழுக்கிறது. பாய்மரம் தண்ணீரைத் தொட்டாலும் நல்ல கடல்படகு மறுபடி எழுந்துவிடும். 120 பாகை வரை, சில படகுகளில் அதற்கு மேலும், எழும் திறன் இருக்கும். தஞ்சாவூர் பொம்மை மாதிரிதான்.

கேட்டமரானில் அந்த 3 டன் கிடையாது. 40 அடிப் படகு 6.5 முதல் 7 மீட்டர் அகலம் இருக்கும். அதே நீள மோனோஹல் 4 மீட்டர்தான். அகலமாகக் காலைப் பரப்பி நிற்பவரைத் தள்ளுவது கஷ்டம் அல்லவா, அதே கதை. முதல் சில பாகைகளில் அது பாறை மாதிரி நிற்கும். காற்றுப் பக்க உடல் தண்ணீரை விட்டுக் கிளம்பும் தருணத்தில், அதாவது பத்துப் பன்னிரண்டு பாகைச் சாய்வில், எதிர்ப்பு உச்சத்தைத் தொடும். அதைத் தாண்டினால் எதிர்ப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் திரும்பாது. தலைகீழாகவும் அதே உறுதியோடு மிதக்கும்.

இதைக் கேட்டதும் பலருக்கும் பயம் வரும். பயத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். அகலமான, கனமான குடும்பக் கேட்டமரான் கவிழ்வது அரிது. கவிழ்ந்தவற்றில் பல, சூறைக்காற்று வரும் நேரத்தில் பாயைச் சுருக்காமல் விட்டவை. மோனோஹல்லில் காற்று கூடினால் படகே சொல்லிவிடும்: சாயும், சுக்கான் கனக்கும், உள்ளே தட்டுகள் உருளும். நீங்களும் வேறு வழியில்லாமல் எழுந்து போய்ப் பாயைச் சுருக்குவீர்கள். கேட்டமரான் சொல்லாது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. காற்று 15 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 21 நாட்டுக்கு ஏறினால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கும் கயிறுகளிலும் பாய்மரத்திலும் ஏறிக்கொண்டிருக்கும், மேசைமேல் தேநீர் சிந்தாமல் இருக்கும். அதனால் கேட்டமரானில் உடம்பை நம்பாமல் காற்றுமானியைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுக்கும் அட்டவணையில் எத்தனை நாட் காற்றில் எவ்வளவு பாய் என்று இருக்கும். நான் அதைப் பிரதியெடுத்துச் சுக்கான் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். இரவில் அந்த அட்டவணையிலும் ஒரு படி கீழே இறங்கிவிடுவேன்.

மோனோஹல் ஆபத்தே இல்லாதது என்றும் நினைத்துவிடக் கூடாது. அந்த 3 டன்தான் உங்களை நிமிர்த்துகிறது. ஓட்டை விழுந்தால் அதே 3 டன்தான் உங்களை அடிக்குக் கொண்டுபோகும். 2014ல் அட்லாண்டிக் நடுவில் சீக்கி ராஃபிக்கி என்ற 40 அடிப் படகின் கீல் கழன்று விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 1979ல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் போட்டியில் புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் மாண்டார்கள். அதில் 24 படகுகளைக் கைவிட்டுவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள். அந்த 24ல் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை பிறகு மிதந்த நிலையிலேயே கிடைத்தன. படகு காலடியில் மூழ்கும் வரை படகை விடாதே என்று பழைய மாலுமிகள் சொல்வது இதனால்தான். அந்த வகையில் கேட்டமரானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கீலின் பாரம் இல்லாததாலும், நுரை நடுவே வைத்த கண்ணாடியிழையால் கட்டுவதாலும், பெரும்பாலானவை தண்ணீர் புகுந்தாலும் முழுக அமிழ்வதில்லை.

ஆக, பாதுகாப்பைக் காரணமாக வைத்து உங்கள் முடிவை எடுக்க வேண்டியதில்லை. இரண்டிலும் உலகைச் சுற்றி வருகிறார்கள். முடிவை எடுக்க வேண்டிய இடம் வேறு. எடை.

படகில் வாரக்கணக்கில் சுற்றுபவருக்கும் ஆண்டுக்கணக்கில் வாழ்பவருக்கும் உள்ள வித்தியாசமே மூட்டைதான். வீட்டை விட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே வீட்டைப் படகில் ஏற்றுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் 600 லிட்டர் என்றால் 600 கிலோ. டீசல் 400 லிட்டர், சுமார் 340 கிலோ. நங்கூரச் சங்கிலி 10 மில்லிமீட்டர் தடிமனில் 80 மீட்டர் வைத்தால் 180 கிலோவுக்குக் குறையாது. நால்வர் உடம்பு 220. ரப்பர் படகும் அதன் மோட்டாரும் 130. உயிர்காப்பு மிதவை, பேட்டரிகள், உப்புநீரை நன்னீராக்கும் கருவி, கருவிப்பெட்டி, உதிரிப் பாகங்கள், இரண்டு மாத மளிகை, பிள்ளைகளின் புத்தகங்கள், யாரும் வாசிக்காத கிட்டார். இரண்டரை டன் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கேட்டமரான் எடை தாங்காது, மோனோஹல் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 40 அடிப் படகுகள் இரண்டிலும் ஒவ்வொரு டன் ஏற்றினால் சுமார் 4 சென்டிமீட்டர்தான் அமிழும். நீர்மட்டத்தில் படகு அடைக்கும் பரப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் அமிழ்வதால் என்ன ஆகிறது என்பதில். மோனோஹல் 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் சற்றே மந்தமாகும், அவ்வளவுதான். கேட்டமரானில் இரண்டு உடல்களுக்கு நடுவே ஒரு தளம் பாலம் மாதிரி இருக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையே உள்ள இடைவெளியிலிருந்து அந்த 10 சென்டிமீட்டர் பறிபோகும். நல்ல படகில் அந்த இடைவெளி 70, 80 சென்டிமீட்டர் இருக்கும், மட்டமானதில் 50தான். காற்றை எதிர்த்துப் போகும்போது அலை அந்த அடிப்பகுதியில் வந்து மோதும். சத்தம் என்று சொல்வது போதாது. கூடத்து மேசையில் பீங்கான் துள்ளும், உறங்கிய பிள்ளை அலறி எழுந்துகொள்ளும். எங்கள் படகு முதல் ஆண்டு முழுக்க இப்படித்தான் அடி வாங்கியது. படகைக் கட்டியவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அறைகளைக் காலி செய்து எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தோம். 700 கிலோவைக் கரையில் கொடுத்துவிட்டு வந்தபிறகு அதே கடலில் படகு பாதி சத்தம்தான் போட்டது.

இதில் ஒரு வம்பு என்னவென்றால், எடையைத் தாங்கிக்கொள்ளும் மோனோஹல்லில் சாமான் வைக்க இடம் இருக்காது. எடையை வெறுக்கும் கேட்டமரானில் எங்கே பார்த்தாலும் காலி அலமாரி. காலி அலமாரியைக் காலியாகவே வைத்திருக்கும் மனிதர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வேகத்துக்கும் இதே எடைதான். மோனோஹல்லின் வேகத்துக்கு நீர்மட்ட நீளம் ஓர் எல்லை போடுகிறது. அடியில் அளந்த அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை கிடைக்கும். 36 அடி நீர்மட்டத்துக்கு 8 நாட். கேட்டமரானின் ஒல்லியான உடல்களுக்கு அந்தச் சுவர் அவ்வளவு கடுமையாக இல்லை. ஆனால் அது காலிப் படகுக்கு. குடும்பத்தையும் கிட்டாரையும் ஏற்றியபின் நாங்கள் ஒரு நாளைக்கு 160 கடல் மைல் போனோம். பழைய மோனோஹல்லில் 135. மூன்று வாரப் பயணத்தில் மூன்று நாள் மிச்சம். நல்லதுதான், ஆனால் விளம்பரங்களில் வரும் வேகம் அல்ல. காற்றை எதிர்த்துப் போவதில் மோனோஹல்தான் ராஜா. ஆழமான கீல் பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். காற்றுக்கு 45 பாகையில் ஏறிப் போகலாம். குட்டைக் கீல் வைத்த குடும்பக் கேட்டமரான் 55 பாகையைவிடக் காற்றுக்கு நெருங்கி ஏறச் சிணுங்கும். பாய் திறக்கும்போது காற்று பின்னாலிருந்து வருமாறு வழியைத் திட்டமிடுபவர்களுக்கு இது பெரிய குறையல்ல. திட்டம் எப்போதும் நடப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அசைவைப் பற்றிப் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். கேட்டமரான் ஆடாது என்பார்கள். ஆடும். சாயாது, அவ்வளவுதான். மோனோஹல் ஒரு பக்கம் 15, 20 பாகை சாய்ந்து நின்று நிதானமாக ஏறி இறங்கும். ஒரு கை உனக்கு, ஒரு கை படகுக்கு என்று வாழ வேண்டும். அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், கழிப்பறை போவதே உடற்பயிற்சி. ஆனால் அந்த அசைவுக்கு ஒரு தாளம் உண்டு, உடம்பு பழகிவிடும். கேட்டமரானில் அலை முதலில் ஓர் உடலைத் தூக்கும், பிறகு இன்னொன்றை. வெடுக் வெடுக்கென்று இழுக்கும். என் மனைவிக்கு மோனோஹல்லில் வராத குமட்டல் கேட்டமரானில் வந்தது. நண்பர் ஒருவருக்கு நேர்மாறு. உங்கள் வயிறு என்ன சொல்லும் என்பதை உங்கள் வயிற்றிடம்தான் கேட்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் இரண்டையும் ஒவ்வொரு வாரம் வாடகைக்கு எடுங்கள். அமைதியான வாரமாகப் பார்த்து எடுக்காதீர்கள்.

இனி நங்கூரத்தில் நிற்கும் நாட்கள். பெருங்கடல் கடப்பவர்கள்கூட ஆண்டில் பெரும்பகுதி நங்கூரம் போட்டுத்தான் நிற்கிறார்கள். நிஜமான வாழ்க்கை அங்கேதான் நடக்கிறது, அங்கே கேட்டமரானை அடிக்க ஆளில்லை. கூடமும் சமையலறையும் கடல்மட்டத்துக்கு மேலே, சுற்றிலும் சன்னல். சமைப்பவர் தண்டனை பெற்றவர் மாதிரி கீழே குனிந்து நிற்க வேண்டாம். பிள்ளைகள் ஓர் உடலில், பெரியவர்கள் இன்னோர் உடலில். நடுவே ஒரு வீட்டின் அகலம். பக்கவாட்டில் நெடிய அலை வந்தால் மோனோஹல் இரவு முழுக்கத் தொட்டிலாட்டும், உங்களையும் ஆட்டும். கேட்டமரான் லேசாக அசைந்துவிட்டு நிற்கும். மோனோஹல்லில் சில இரவுகள் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தலையணையை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். நீரில் ஒரு மீட்டர் சொச்சம்தான் ஆழ்ந்திருப்பதால் கரைக்கு நெருக்கமாகவும் நிற்கலாம். மோனோஹல்லுக்கு 2 மீட்டர் வேண்டும். கூரையில் சூரியத் தகடுகளுக்கு இடம் தாராளம். 1000 வாட் எளிதாக ஏறும், அதனால் குளிர்பெட்டிக்கும் நன்னீர்க் கருவிக்கும் எஞ்சினை ஓட்ட வேண்டியதில்லை.

குளிர்ப் பகுதிகளுக்குப் போவதாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அந்தப் பெரிய சன்னல்கள் வழியே சூடு எல்லாம் ஓடிவிடும், காலையில் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டும், இரண்டு உடல்களையும் சூடாக்க வேண்டும். மோனோஹல்லில் ஒரு சின்ன டீசல் அடுப்பு போதும். குகைக்குள் இருப்பது மாதிரி இதமாக இருக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் 40 அடியையும் 40 அடியையும் ஒப்பிடுகிறார்கள். அது பொருந்தாத ஒப்பீடு. ஏறத்தாழ ஒரே வயதுள்ள படகுகளில் கேட்டமரான் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு விலை சொல்லும். அதே பணத்துக்கு 48, 50 அடி மோனோஹல் கிடைக்கும். அதில் மூன்று அறை, உயரமான கூடம் எல்லாம் இருக்கும். அல்லது 40 அடி மோனோஹல் வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் இரண்டு ஆண்டு கூடுதலாகக் கடலில் இருக்கலாம். வாங்கிய பிறகும் செலவு நிற்காது: எஞ்சின் இரண்டு, அதனால் எண்ணெய், வடிகட்டி, நீரேற்றிச் சக்கரம் எல்லாம் இரண்டிரண்டு. துறைகளில் ஒன்றரை இடத்துக்கோ இரண்டு இடத்துக்கோ கட்டணம் கேட்பார்கள். பல துறைகளில் இடமே இருக்காது. கரையேற்றும் பளுதூக்கி 7 மீட்டர் அகலத்தை விழுங்குமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அதற்கு ஈடாக இரண்டு எஞ்சின்களும் 5, 6 மீட்டர் தள்ளி இருப்பதால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் ஓட்டிப் படகை நின்ற இடத்திலேயே திருப்பலாம். ஒற்றை எஞ்சினும் பக்கக் காற்றுமாக மோனோஹல்லைத் துறைக்குள் பின்னோக்கிச் செலுத்தியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். நான்கு பேர், அதிலும் வளரும் பிள்ளைகள், ஆண்டுக்கணக்கு, பெரும்பாலும் வெப்பமான கடல். பணம் இடம் கொடுத்தால் கேட்டமரான் வாங்குங்கள். பிள்ளைகள் 9 வயதில் அடங்கும் கட்டிலில் 13 வயதில் அடங்க மாட்டார்கள். பணம் இழுபறியாக இருந்தால் பழைய, மலிவான, அடிப்பகுதி தாழ்ந்த கேட்டமரானைவிட உறுதியான 45 அடி மோனோஹல் எவ்வளவோ மேல். நீங்கள் இருவர் மட்டும் என்றால், அல்லது குளிர்க் கடல் என்றால், நான் யோசிக்காமல் மோனோஹல் என்று சொல்லியிருப்பேன்.

பார்க்கப் போகும்போது சில இடங்களில் கண்ணை வையுங்கள். மோனோஹல்லில் கீல் உடலோடு சேரும் கோட்டில் விரிசலோ துருக்கசிவோ இருக்கிறதா, எப்போதாவது தரைதட்டியதா என்று கேளுங்கள். கேட்டமரானில் குறுக்குத் தடுப்புச் சுவர்கள் உடலோடு ஒட்டும் விளிம்புகளை விளக்கடித்துப் பாருங்கள். இரண்டு உடல்களும் தனித்தனியாக முறுக்க முயலும்போது அங்கேதான் பிளவு வரும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் எஃகு வடங்கள் பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், படகைச் சுற்றி ஒரு ரப்பர் படகில் மெதுவாக வந்து நீர்க்கோட்டைப் பாருங்கள். பாசிதடுப்பு வர்ணம் முடியும் இடத்துக்கு மேலே, வெள்ளை உடலில் பச்சையாக ஒரு பட்டை படிந்திருக்கும். அந்தப் பட்டையின் உயரத்தை விரலால் அளந்துகொள்ளுங்கள். விற்பவர் என்ன சொன்னாலும், இந்தக் குடும்பம் எத்தனை டன் ஏற்றிக்கொண்டு வாழ்ந்தது என்பது அந்தப் பட்டையில் எழுதியிருக்கும்.